தனியே நிற்பதா, இணைவதா, பகிர்ந்துகொள்வதா? அமெரிக்காவின் சின்னப் பள்ளி மாவட்டங்கள்

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பள்ளிகளை நேரடியாக நடத்துவது மாநிலக் கல்வித்துறை அல்ல. பள்ளி மாவட்டம் என்று தனியாக ஓர் உள்ளாட்சி அமைப்பு இருக்கிறது. ஊர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஐந்தாறு பேர் கொண்ட பள்ளி வாரியம், அது வேலைக்கு அமர்த்தும் தலைமை நிர்வாகியான சூப்பரின்டென்டென்ட், அதற்கென்று சொத்து வரி, கட்டடம் கட்டக் கடன்பத்திரம் எல்லாம் உண்டு. தமிழ்நாட்டில் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளித் தலைமையாசிரியர் வரி விகிதத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை. அங்கே வாரியக் கூட்டத்தில் பாதி நேரம் அந்தப் பேச்சுதான்.

1939-40இல் இப்படி சுமார் 1,17,000 மாவட்டங்கள் இருந்தன. இன்று சுமார் 13,000. எண்பது ஆண்டுகளாக ஒன்றோடொன்று இணைந்துகொண்டே வந்தும் இன்னும் ஏராளமான சின்ன மாவட்டங்கள் மிச்சம். மழலை வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மொத்தமே 300, 400 பிள்ளைகள்தான் இருப்பார்கள். பிள்ளைகள் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைகிறது. பெருந்தொற்றுக் கால மத்திய அரசு உதவி, சுமார் 190 பில்லியன் டாலர், 2024 செப்டம்பரோடு நின்றுவிட்டது. இனி என்ன செய்வது என்ற கேள்வி இந்த வாரியங்கள் முன்னால் நிற்கிறது. வழிகள் மூன்று: தனியாகவே தொடர்வது, பக்கத்து மாவட்டத்தோடு இணைவது, தனித்தனியாக இருந்துகொண்டே ஆட்களையும் வகுப்புகளையும் பகிர்ந்துகொள்வது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மூன்றையும் ஒப்பிடும்போது எல்லோரும் முதலில் கேட்பது "எவ்வளவு மிச்சமாகும்?" என்பதைத்தான். அதைவிட முக்கியமான கேள்வி, "சரிப்பட்டு வராவிட்டால் திரும்பி வர முடியுமா?" என்பது. அந்த அளவுகோலில் பகிர்வுதான் முதலில் முயன்று பார்க்க வேண்டியது.

பணக் கணக்கு

சின்ன மாவட்டத்தின் செலவு ஏன் அதிகம் என்பது எளிய கணக்கு. சூப்பரின்டென்டென்டுக்குச் சம்பளமும் சலுகைகளும் சேர்த்து ஆண்டுக்கு 1,50,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 300 பிள்ளைகள் இருந்தால் தலைக்கு 500 டாலர். 3,000 பிள்ளைகள் இருந்தால் 50. கணக்காளர், தணிக்கை, பேருந்துப் பொறுப்பாளர் என்று எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பெரிய இடி சிறப்புக் கல்வியிலிருந்து வரும். மாற்றுத்திறன் கொண்ட எந்தப் பிள்ளைக்கும் தகுந்த கல்வியைக் கட்டணமில்லாமல் தரவேண்டும் என்று 1975இல் மத்தியச் சட்டம் வந்தது. கூடுதல் செலவில் 40 விழுக்காடு வரை மத்திய அரசு தரும் என்றார்கள். இன்றுவரை அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. தீவிரமான உதவி தேவைப்படும் ஒரு பிள்ளை குடிவந்தால் போதும், சின்ன மாவட்டத்தின் அந்த ஆண்டு பட்ஜெட் தலைகீழாகும். அந்தப் பிள்ளையின் உரிமையில் துளியும் குறைக்கக் கூடாது. பாரத்தை ஓர் ஊரின் தலையில் மட்டும் ஏற்றிவைத்திருக்கும் ஏற்பாட்டில்தான் கோளாறு.

அப்படியானால் இணைந்தால் மிச்சமாகுமா? நியூயார்க் மாநிலத்தின் கிராமப்புற மாவட்டங்களை வைத்து சிராக்யூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்த கணக்கு இப்படி: தலா 300 பிள்ளைகள் கொண்ட இரண்டு மாவட்டங்கள் இணைந்தால் செலவு 20 விழுக்காட்டுக்கு மேல் குறையும். தலா 900 என்றால் 7 முதல் 9 விழுக்காடு. தலா 1,500 என்றால் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. அதாவது மிகச் சிறிய மாவட்டங்களுக்கு மட்டுமே இணைப்பில் பணம் இருக்கிறது. நடுத்தர மாவட்டத்தைப் பார்த்து "இணைந்தால் வரி குறையும்" என்று சொல்வதற்கு இந்த ஆய்வில் ஆதாரம் கிடையாது.

அந்த 20 விழுக்காடும் எல்லா இடத்திலும் கைக்கு வருவதில்லை. இரண்டு மாவட்டம் ஒன்றானால் ஆசிரியர் சம்பளப் பட்டியலும் ஒன்றாக வேண்டும். யாருடைய சம்பளத்தையும் குறைக்க முடியாது என்பதால் உயர்ந்த பட்டியலுக்கே எல்லோரும் போவார்கள். பேருந்து ஓட்டம் நீளும். அர்கன்சாஸில் கட்டாய இணைப்பை ஆராய்ந்தவர்கள் மொத்தச் செலவும் குறையவில்லை, வகுப்பறைக்குப் போகும் பங்கும் கூடவில்லை என்றே கண்டார்கள்.

தனியாக நின்றால் என்ன ஆகும் என்பதற்கு வெர்மான்ட் நல்ல உதாரணம். 1997இல் அந்த மாநில உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு கல்விப் பணம் மாநில அளவில் ஒரே நிதியாகத் திரட்டப்படுகிறது. ஆனாலும் தலைக்கு அதிகம் செலவழிக்கும் ஊரில் வீட்டு வரி ஏறும். பட்ஜெட்டுக்கு மக்களே நேரடியாக வாக்களிக்க வேண்டும். 2024 மார்ச்சில் ஊர்க் கூட்ட நாளன்று வாக்குக்கு வந்த பள்ளி பட்ஜெட்டுகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கைத் தோற்கடித்தார்கள். தங்கள் பள்ளியை நேசிக்கும் அதே மக்கள்தான். வரி தாங்கவில்லை.

அயோவா செய்தது வேறு. அங்கே இரண்டு மாவட்டங்கள் ஒரே சூப்பரின்டென்டென்டையோ கணக்காளரையோ பேருந்து மேலாளரையோ பகிர்ந்துகொண்டால், மாநில மானியக் கணக்கில் சில மாணவர்கள் கூடுதலாக இருப்பதுபோல் வைத்துப் பணம் தருகிறார்கள். உச்சவரம்பு 21 மாணவர். பள்ளியே 350 பேர் என்னும் இடத்தில் இது சில்லறை இல்லை. நியூயார்க்கில் 1948இலிருந்தே கூட்டுறவுக் கல்வி வாரியங்கள் இருக்கின்றன, இன்று 37. தொழிற்கல்வி வகுப்பு, சிறப்புக் கல்வி, சம்பளப் பட்டுவாடா எல்லாவற்றையும் பல மாவட்டங்களுக்குச் சேர்த்துச் செய்கின்றன. ஒரு பிள்ளையின் சிகிச்சையாளரை ஒரே மாவட்டம் முழுநேரம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பத்து மாவட்டம் சேர்ந்து வைத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன இடிக்கு நான் பார்த்தவரை இதுதான் நேரான தீர்வு.

யார் கையில் அதிகாரம்

இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று பேசவேண்டும், ஏனென்றால் அறிக்கைகளில் இதற்கு இரண்டு வரிதான் ஒதுக்குகிறார்கள்.

அர்கன்சாஸின் டெல்டா பகுதியில் லேக் வியூ என்ற ஊர். 1930களில் கறுப்பின உழவர்களுக்காக அரசு அமைத்த குடியிருப்பு. மாநிலம் தங்களைப் போன்ற ஏழை மாவட்டங்களுக்குப் போதிய பணம் தருவதில்லை என்று அந்தச் சின்னப் பள்ளி மாவட்டம் 1992இல் வழக்குப் போட்டது. பத்து ஆண்டு இழுபறிக்குப் பின் 2002இல் மாநில உச்ச நீதிமன்றம் அதன் பக்கம் தீர்ப்புச் சொன்னது: நிதி முறை போதாது, சமமாகவும் இல்லை. அப்போதைய ஆளுநர் மைக் ஹக்கபி அதற்கு விடையாக, 1,500 பிள்ளைகளுக்குக் குறைவான மாவட்டங்களை இணைக்கலாம் என்றார். சட்டமன்றம் இறங்கி வந்து 350இல் நின்றது. தொடர்ந்து இரண்டு ஆண்டு 350க்குக் கீழே இருந்தால் மாவட்டம் கலைக்கப்படும். 2004இல் அந்தச் சட்டப்படி கலைக்கப்பட்டு பார்ட்டன்-லெக்ஸா மாவட்டத்தோடு இணைக்கப்பட்டவற்றில் லேக் வியூவும் ஒன்று. நீதி கேட்டு வென்ற ஊருக்கே தன் வாரியம் இல்லாமல் போனது. வழக்கால் மாநிலம் முழுக்கப் பள்ளிகளுக்குப் பணம் கூடியது என்பது உண்மை. ஆனால் அந்த ஊரைக் கேட்டு யாரும் முடிவெடுக்கவில்லை. இதை எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. 2015இல்தான் 350க்குக் கீழே இருந்தாலும் தகுதியான மாவட்டங்கள் விலக்குக் கேட்கலாம் என்று சட்டம் திருத்தினார்கள்.

இணைந்த பிறகு வாரியத்தில் சின்ன ஊருக்கு ஓர் இருக்கை கிடைக்கும், மீதி பெரிய ஊருக்கு. முதலில் ஒருவரும் பள்ளியை மூடுவதைப் பற்றிப் பேச மாட்டார்கள். சில ஆண்டு கழித்துப் பட்ஜெட் இறுகும்போது அந்தப் பேச்சு வரும். வெர்மான்டில் சுமார் 700 பேர் வாழும் ரிப்டன் என்ற மலை ஊர் இப்படித்தான் மாட்டிக்கொண்டது. மாவட்டங்களை இணைக்கத் தூண்டிய 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலத்தில் மிடில்பரி உள்ளிட்ட ஏழு ஊர்கள் ஒரே மாவட்டமாயின. அப்புறம் ரிப்டனின் தொடக்கப் பள்ளியை மூடும் யோசனை எழுந்தது. 2021 ஜனவரியில் ஊர் வாக்களித்து மாவட்டத்திலிருந்து விலக முடிவெடுத்தது. மற்ற ஊர்களும் சம்மதித்தன. ஆனால் தனியாக நிற்க சூப்பரின்டென்டென்ட், பேருந்து, சிறப்புக் கல்வி எல்லாம் வேண்டுமே? அவற்றைத் தர வேறு மாவட்டம் அமையவில்லை. 2022இல் அதே மக்கள் திரும்ப உள்ளே போவதற்கு வாக்களித்தார்கள்.

நெப்ராஸ்காவில் இன்னும் கடுமை. தொடக்கப் பள்ளி மட்டும் நடத்திய சிறு மாவட்டங்களையெல்லாம் 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. 2006 நவம்பரில் மாநில வாக்காளர்கள் அந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள். அதற்குள் மாவட்டங்கள் கலைக்கப்பட்டுவிட்டன, திரும்பி வரவில்லை. மெய்னில் 2007இல் ஆளுநர் ஜான் பால்டாச்சி 290 மாவட்டங்களைச் சுமார் 80 ஆக்கப் பார்த்தார், இணையாதவர்களுக்கு அபராதம் என்றார். எண்ணிய அளவுக்கு நடக்கவில்லை. இணைந்த ஊர்களில் பல பின்னால் விலகின. விலக வழி வைத்தது அங்கே செய்த நல்ல காரியம்.

பகிர்வில் வாரியம் உங்களிடமே இருக்கும். தலைவலியும் இருக்கும்: ஒரே சூப்பரின்டென்டென்ட் இரண்டு வாரியக் கூட்டம், இரண்டு பட்ஜெட், இரண்டு தணிக்கைக்கு ஓடவேண்டும். ஒரு கூட்டாளி கைகழுவினால் இன்னொருவர் நட்டாற்றில் நிற்பார். ஊக்கத்தொகையையும் காலக்கெடு போட்டுத்தான் தருகிறார்கள். இருந்தாலும் ஒப்பந்தம் முடிந்தால் பழைய நிலைக்கு வரலாம் என்பது பெரிய ஆறுதல். அயோவாவில் சில இடங்களில் நடுநிலைப் பள்ளி ஓர் ஊரில், மேல்நிலைப் பள்ளி மற்ற ஊரில் என்று பிள்ளைகளையே பகிர்கிறார்கள். சில ஆண்டு பழகிய பிறகு இணைப்புக்கு வாக்கெடுப்பு வைப்பதும் உண்டு. இரண்டு ஊரிலும் தனித்தனியே பெரும்பான்மை வேண்டும். சேர்ந்து வாழ்ந்து பார்த்த பிறகு போடும் அந்த வாக்குக்கும், மாநிலத் தலைநகரிலிருந்து வரும் உத்தரவுக்கும் எவ்வளவு வித்தியாசம்!

பிள்ளைகளின் படிப்பு

சின்ன மாவட்டத்தின் மதிப்பெண் அறிக்கையை யாராவது நீட்டினால் முதலில் எத்தனை பிள்ளைகள் எழுதினார்கள் என்று பாருங்கள். நான்காம் வகுப்பில் 12 பேர். போன ஆண்டு 8 பேர் கணக்கில் தேறினால் 67 விழுக்காடு. இந்த ஆண்டு 6 பேர் தேறினால் 50. "பதினேழு புள்ளி சரிவு" என்று தலைப்புப் போடலாம். நடந்தது இரண்டு பிள்ளைகளின் வித்தியாசம். ஒரு குடும்பம் வேறு ஊருக்குப் போனாலே இப்படி ஆகும். எண்ணிக்கை மிகக் குறைவானால் தனிப் பிள்ளையின் மதிப்பெண் வெளியே தெரிந்துவிடும் என்பதற்காக மாநிலமே அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடும். மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது சொல்ல முடியும்.

இணைப்பு படிப்பை உயர்த்துமா? முன்பு சொன்ன அதே அர்கன்சாஸ் ஆய்வில் கணக்கிலும் ஆங்கிலத்திலும் விளைவு ஒன்றுமில்லை, அல்லது மிகச் சிறிய நன்மை. இணைந்ததால் பிள்ளைகள் கெட்டுப்போனார்கள் என்றும் சொல்ல முடியாது, மேலேறினார்கள் என்றும் சொல்ல முடியாது.

உயர்நிலை வகுப்பில்தான் அளவு உண்மையாகவே முக்கியம். 25 பேர் கொண்ட பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் ஆசிரியர் கிடைப்பதே கஷ்டம். கால்குலஸ் படிக்க மூன்று பேர், வெல்டிங் படிக்க நான்கு பேர் என்றால் தனி மாவட்டம் கைவிரித்துவிடும். இங்கே தனியே நிற்பது பிள்ளைகளுக்கு நேரடி இழப்பு. எட்டு வயதுக் குழந்தையைப் பனியில் ஒரு மணி நேரம் பேருந்தில் உட்காரவைப்பது வேறு, பதினாறு வயதுப் பெண் பக்கத்து ஊருக்குப் போய் இயற்பியல் படிப்பது வேறு. தொடக்கப் பள்ளி ஊரிலேயே இருக்கட்டும், மேல்நிலையைப் பகிரலாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

வெர்மான்ட் மறுபடியும் இந்த வாசலில் நிற்கிறது. சுமார் 120 மாவட்டங்களைக் கொண்ட மாநிலத்தை மிகச் சில பெரிய மாவட்டங்களாக மாற்ற வழிசெய்யும் சட்டத்தில் ஆளுநர் ஃபில் ஸ்காட் 2025 ஜூலையில் கையெழுத்திட்டார். 300 பிள்ளைகள் கொண்ட மாவட்டத்தின் வாரியத்தில் நான் இருந்தால் தனியாகவே நிற்போம் என்று வாக்களிக்க மாட்டேன். முதலில் அலுவலகத்தையும் சிறப்புக் கல்வியையும் பகிர்வேன், பிறகு மேல்நிலை வகுப்புகளை. இணைப்பு ஒப்பந்தம் மேசைக்கு வந்தால் மூன்று விதிகள் எழுத்தில் இருக்கிறதா என்று பார்ப்பேன்: எந்த ஊரின் தொடக்கப் பள்ளியையும் அந்த ஊரின் வாக்கு இல்லாமல் மூடக் கூடாது, பழைய கடனை எந்த ஊர் கட்டும் என்பது தெளிவாக இருக்க வேண்டும், விலக நினைக்கும் ஊருக்கு சூப்பரின்டென்டென்ட், பேருந்து, சிறப்புக் கல்விச் சேவைகளை ஐந்து ஆண்டுக்காவது விலைக்குத் தர மாவட்டம் கடமைப்பட்டிருக்க வேண்டும். ரிப்டனுக்கு இல்லாமல் போனது இந்த மூன்றாவது.