ஏழு வருஷ ஹெட்செட்டும் நான் அதன்மேல் போட்ட வீண்பழிகளும்

விமானம் ஓட்டக் கற்கும் மாணவனாக இருந்தவரை பயிற்சிப் பள்ளியின் பொது ஹெட்செட்தான். இடுக்கி போட்டதுபோலக் காதை நெரிக்கும். எனக்கு முன்னால் பறந்தவனின் வியர்வை காது மெத்தையில் ஊறியிருக்கும். லைசென்ஸ் கைக்கு வந்த மாதமே கடன் வாங்கி ஏஎன்ஆர் (எதிர் ஒலி உண்டாக்கி இரைச்சலை அடக்கும் மின்னணு வசதி) உள்ள ஹெட்செட் ஒன்று வாங்கினேன், இரண்டு டபுள்-ஏ பேட்டரியில் ஓடுவது. ஏழு வருஷமாக அதேதான், பெரும்பாலும் செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தில். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் அதைத் திட்டிய நாட்களில் முக்கால்வாசி, தப்பு அதன்மேல் இல்லை.

வாங்கிய மூன்றாம் மாதம் இடது காதில் உறுமல் கேட்க ஆரம்பித்தது. ஏஎன்ஆர் போய்விட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். பக்கத்தில் இருந்த இன்ஸ்ட்ரக்டர் கையை நீட்டி, என் காதுக் கிண்ணத்தை உள்ளங்கையால் அழுத்தினார். உறுமல் நின்றது. கையை எடுத்தார், திரும்ப வந்தது. "கண்ணாடி எப்ப மாத்துனீங்க?" என்றார். போன வாரம்தான் மாற்றியிருந்தேன், பட்டையான பிளாஸ்டிக் காம்பு வைத்தது. மெத்தைக்கும் கன்னத்துக்கும் நடுவே அந்தக் காம்பு ஒரு இடைவெளியைத் திறந்துவிட்டிருந்தது.

செஸ்னாவில் எஞ்சின் நிமிஷத்துக்கு 2400 சுற்று (ஆர்பிஎம்) என்றால் இரண்டு பிளேடு புரொப்பெல்லர் நொடிக்கு 80 தடவை காற்றை வெட்டுகிறது. நாலு சிலிண்டர் எஞ்சினும் நொடிக்கு 80 தடவைதான் வெடிக்கிறது. ஏஎன்ஆர் அடக்குவது இந்த மாதிரி அடித்தொண்டை உறுமலைத்தான். காற்று உரசும் 'ஸ்ஸ்' சத்தத்தைத் தடுப்பது மெத்தையின் வேலை. மெத்தையில் சந்து விழுந்தால் உறுமல் நேராக உள்ளே வரும், ஏஎன்ஆர் திணறும். குண்டும் குழியுமான காற்றில் காதுக்குள் 'பொட்டு பொட்டு' என்று வேறு வெடிக்கும். இப்போது மெல்லிய கம்பிக் காம்புக் கண்ணாடி போடுகிறேன். நம்ம ஊர் வியர்வைக்கு மெத்தை சீக்கிரம் விறைத்துவிடுகிறது. ஒன்றரை வருஷத்துக்கு ஒரு ஜோடி மாற்றிவிடுவேன்.

பேட்டரி விஷயத்தில் பட்டது கொஞ்சம் அதிகம். ஒருநாள் டவுன்விண்டில் (இறங்குமுன் ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்கும் கட்டம்) திடீரென்று காக்பிட் முழுக்க இரைச்சல். ஏஎன்ஆர் அணைந்திருந்தது. ஆனால் விமான நிலையக் கட்டுப்பாட்டு டவர் பேசியது கேட்டது, நான் பேசியதும் அவர்களுக்குப் போனது. அன்றைக்குத்தான் உறைத்தது: மைக்குக்கு மின்சாரம் விமானத்தின் ஆடியோ பேனலிலிருந்து வருகிறது, டபுள்-ஏ பேட்டரியிலிருந்து அல்ல. மைக் செத்துப்போனால் பேட்டரியை மாற்றிக்கொண்டிருப்பதில் பிரயோஜனமே இல்லை. இது தெரியாமல் நான் வீணடித்த பேட்டரிகளுக்குக் கணக்கில்லை.

அன்றைய கோளாறு பேட்டரிப் பெட்டியின் ஸ்பிரிங். தளர்ந்துபோய், அதிர்வில் விட்டு விட்டுத் தொட்டது. ஸ்பிரிங்கை லேசாக வெளியே இழுத்துவிட்டேன், சரியானது. நண்பர் ஒருவர் சிகரெட் பெட்டி ஜிகினாத் தாளை மடித்துச் செருகி வைத்திருந்தார். அது நழுவி ஷார்ட் ஆனால் என்ன செய்வாரோ. இன்னொரு முறை, மழைக்காலத்தில் இரண்டு மாதம் பறக்காமல் பேட்டரியை உள்ளேயே விட்டுவிட்டேன். ஆல்கலைன் பேட்டரி கசிந்து வெள்ளைப் பொடி பூத்திருந்தது. கசிவது காரம் என்பதால் பஞ்சுக்குச்சியில் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்தேன். ரீசார்ஜ் பேட்டரி போடுகிறவர்களுக்கு ஒன்று: அது 1.5 அல்ல, 1.2 வோல்ட். என் பெட்டியில் சிவப்பு விளக்கு சீக்கிரமே மின்னத் தொடங்குகிறது. பயப்பட வேண்டாம், ஆனால் பையில் மாற்று ஜோடி இருக்கட்டும்.

நாலாம் வருஷம் காதுக்குள் கொசு மாதிரி ஒரு ரீங்காரம். எஞ்சின் வேகத்தை மாற்றும் திராட்டிலைக் கூட்டினால் சுருதி ஏறும், குறைத்தால் இறங்கும். ஹெட்செட்டைத் தூக்கிக்கொண்டு விமானக் கொட்டகையான ஹேங்கருக்கு ஓடினேன். அங்கே வயதில் மூத்த இன்ஜினியர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. "தம்பி, மொதல்ல வலது பக்க ஜாக்ல மாட்டிப் பாரு." ஹெட்செட்டைச் செருகும் அந்தத் துளையில் மாட்டினேன், சத்தம் இல்லை. இன்னொருவர் ஹெட்செட்டை இடது பக்கம் மாட்டினோம், அதிலும் ரீங்காரம். பிறகு தரையில், எஞ்சின் ஓடும்போது, மாஸ்டர் சுவிட்சின் ஆல்டர்னேட்டர் (எஞ்சினால் சுழன்று மின்சாரம் தரும் கருவி) பாதியை மட்டும் அணைக்கச் சொன்னார். கொசு பறந்துவிட்டது.

ஜாக்குகளைப் பேனலின் உலோகம் தொடாமல் பிரித்துவைக்க ஒரு ஃபைபர் வாஷர் உண்டு. அது விரிசல் விட்டதால் ஜாக்கின் கிரவுண்ட் விமானத்தின் உடம்போடு ஒட்டி, ஆல்டர்னேட்டரின் இரைச்சல் ஆடியோவில் ஏறியிருக்கிறது. வாஷரை மாற்றினார்; என் கை அங்கே போக விடவில்லை, போகவும் கூடாது. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மாட்டும் மலிவான மொபைல் சார்ஜரும் இதேபோல இரையும், ஆனால் திராட்டிலுக்குத் தக்கபடி சுருதி மாறாது. பிடுங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மைக்கில் நடந்தது முழுக்க என் அசட்டுத்தனம். ஸ்பாஞ்சைக் கழுவிக் காயவைத்துத் திரும்ப மாட்டும்போது மைக்கைத் திருப்பி வைத்துவிட்டேன். முன்னும் பின்னும் விழும் சத்தத்தைக் கழித்துத்தான் இந்த மைக் இரைச்சலைக் குறைக்கிறது. பேசும் பக்கம் உதட்டைப் பார்த்து, ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். அன்று டவர் மூன்று தடவை "சே அகைன்" (திரும்பச் சொல்) என்றது. பேசாதபோது மைக்கை அடைத்துவைக்கும் இன்டர்காம் ஸ்குவெல்ச் குமிழைத் திருகித் திருகி அலுத்துப்போனேன்.

ஆறாம் வருஷம் வலது காது விட்டு விட்டுக் கேட்டது. இத்தனைக்கும் பிறகு புத்தி வந்து முறையாகத் தேடினேன். ஜாக் மாற்றினேன், விமானமே மாற்றினேன். காதுக்கு ஒன்று, மைக்குக்கு ஒன்று என்றிருக்கும் இரண்டு பிளக்குகளையும் ஆல்கஹாலால் துடைத்தேன். கண்ணாடியைக் கழற்றினேன், புது பேட்டரி போட்டேன். ஒன்றும் சரியாகவில்லை. கடைசியில் வயர் கிண்ணத்துக்குள் நுழையும் இடத்தை விரலால் வளைத்தேன்: வளைத்தால் கேட்டது, விட்டால் போனது. ஒருவழியாக ஹெட்செட்டேதான். அதுவும் பிளக்கைப் பிடிக்காமல் வயரைப் பிடித்து இழுத்துக் கழற்றியே வந்த என் பழக்கத்தால்.