ஒன்றரை லட்சத்துக்குள் ஒரு பழைய ஆம்னி வேன்: தேடியதும் எட்டு மாதம் ஓட்டியதும்

சென்னிமலையில் போர்வையும் துண்டும் எடுத்து, சுற்றியுள்ள வாரச் சந்தைகளில் விற்பது எங்கள் தொழில். இத்தனை நாளும் வாடகை ஆட்டோதான், வாரம் மூன்று நாள் வாடகை கொடுத்தே கை ஓய்ந்துவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு, காரில் குனிந்து ஏற முடியாது. சரக்கும் ஏற வேண்டும், அம்மாவும் ஏற வேண்டும், மொத்தச் செலவு ஒன்றரை லட்சத்தைத் தாண்டக்கூடாது. இந்தக் கணக்கோடு ஈரோடு, பெருந்துறை, கோபி, திருப்பூர் என்று ஒன்றரை மாதம் அலைந்து பதினொரு வண்டி பார்த்தேன். கடைசியில் எடுத்தது 2013 மாடல் மாருதி ஆம்னி.

ஏன் ஆம்னி என்று பலர் கேட்டார்கள். மாருதியின் இன்னொரு வேனான ஈக்கோ நல்ல வண்டிதான், 1,196 சிசி, ஐந்து கியர், மேட்டில் மூச்சு வாங்காது. ஆனால் நான் பார்த்த ஈக்கோக்களில் சுத்தமானவை எல்லாமே இரண்டு லட்சத்துக்கு மேல். ஒன்றரைக்குள் கிடைத்தவை பள்ளிக்கூட டிரிப் அடித்து நொந்த வண்டிகள். மாருதியின் பழைய வேன் வெர்சா ஒன்றை 80,000 ரூபாய்க்குச் சொன்னார்கள், ஏசி கூட இருந்தது, ஆனால் 2009-க்குப் பிறகு அது வரவே இல்லை, ஒரு சின்ன பாகத்துக்கு யார் கடை கடையாக ஏறி இறங்குவது? ஆம்னிக்கு அந்தக் கவலை கிடையாது. 1984-ல் மாருதி வேன் என்று வந்து 2019 வரை ஓடிய வண்டி, உள்ளே இருப்பது மாருதி 800-ல் இருந்த அதே 796 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜின். எந்த ஊர் மெக்கானிக்குக்கும் அது மனப்பாடம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். குறைந்த பட்ஜெட்டில் பழைய வேன் எடுப்பவர்கள் பெரும்பாலும் இன்ஜினைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். நானும் முதல் நான்கு வண்டிகளை அப்படித்தான் பார்த்தேன். என் மெக்கானிக் அண்ணன்தான் மாற்றிச் சொன்னார்: "இன்ஜின் போனா இன்ன ரூபாய்னு நான் சொல்லிருவேன் தம்பி. தகரம் போனா யாரும் சொல்ல முடியாது. தகரத்தையும் ஆர்.சி.யையும் பாரு, மத்தது எங்கிட்ட விடு." அதற்குப் பிறகு பார்த்த வண்டிகளில் கண்ணே வேறு மாதிரி ஆகிவிட்டது.

ஒரு ஆட்டோ கன்சல்டிங்கில், அதாவது பழைய வண்டி விற்கும் கடையில், வெள்ளை ஆம்னி ஒன்று நின்றது, 2012 மாடல், 1,45,000 சொன்னார்கள். வண்டி பளபளவென்று புதுசு போல. "பூப்போல இருக்குதுங்க, ரெண்டு பேர் அட்வான்ஸ் குடுக்கக் காத்திருக்காங்க" என்றார் கடைக்காரர். மெக்கானிக் அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன காந்தத்தை எடுத்தார், பெயின்டில் கோடு விழக்கூடாது என்று மெல்லிய துணியில் சுற்றி வைத்திருந்தார். முன்கதவில் வைத்தால் ஒட்டியது. ஸ்லைடிங் கதவின் கீழ்ப்பகுதியில் வைத்தால் நழுவி விழுந்தது. பின்சக்கரத்துக்கு மேலே வளைவில் வைத்தார், அங்கேயும் விழுந்தது. உள்ளே தகரமே இல்லை, பட்டி போட்டு மொத்தி அதற்கு மேல் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அப்புறம் கால் வைக்கும் இடத்து ரப்பர் விரிப்பைத் தூக்கச் சொன்னோம், தூக்க விடவில்லை, "ஒட்டியிருக்குதுங்க, பிஞ்சிரும்" என்றார். அங்கேயே கிளம்பிவிட்டோம். விரிப்பைத் தூக்கவிடாத வண்டியை வாங்காதீர்கள். மழைத் தண்ணீர் உள்ளே வந்தால் அந்த விரிப்புக்கு அடியில்தான் தேங்கும், மேலே எதுவுமே தெரியாது.

எல்லாக் கன்சல்டிங்கும் இப்படி என்று சொல்ல மாட்டேன். பெருந்துறைப் பக்கம் ஒருவர், வண்டியைக் காட்டும் முன்பே எங்கே இடித்தது, என்ன மாற்றினார்கள் என்று பில்லோடு சொன்னார். விலை ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். ஆனால் கன்சல்டிங்கில் வண்டி எப்போதுமே கழுவித் துடைத்து, ஸ்டார்ட் பண்ணிச் சூடாக நிற்கும். நேரடி ஓனரிடம் போனால் அது வாழ்ந்த வீட்டில், வாழ்ந்தபடியே பார்க்கலாம். எனக்கு அதுதான் பிடித்தது.

பேப்பர் விஷயத்தில் கைவிட்டவை மூன்று. ஒன்றில் ஃபைனான்ஸ் கட்டி முடித்தாயிற்று என்றார்கள், அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் ஹெச்.பி., அதாவது வண்டி மேல் கடன் இருப்பதாக ஆர்.சி.யில் உள்ள பதிவு, இன்னும் அப்படியே இருந்தது. அந்தப் பதிவை நீக்கும் ஃபார்ம் 35-ம் ஆட்சேபணை இல்லை என்று ஃபைனான்ஸ்காரர் தரும் என்.ஓ.சி.யும் கைக்கு வராமல் அந்த வண்டிக்கு ஒரு ரூபாய் அட்வான்ஸ் கொடுக்கக்கூடாது. இன்னொன்றில் கேஸ் கிட் மாட்டியிருந்தது, ஆர்.சி.யில் பெட்ரோல் என்று மட்டுமே இருந்தது. பின்னால் தொட்டிக்கு வீட்டு சிலிண்டரிலிருந்து கேஸ் இறக்கும் டியூபும் கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது, அந்த வண்டியில் தினமும் குழந்தைகளை ஸ்கூலுக்குக் கூட்டிப் போகிறார்களாம். தயவுசெய்து அப்படிப்பட்ட வண்டியை எத்தனை மலிவாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.

மூன்றாவது 2009 மாடல், 70,000 ரூபாய். மலிவு போலத் தெரியும். ஆனால் சொந்த உபயோக வண்டிக்கு ஆர்.சி. பதினைந்து வருடம்தான், அதற்குப் பிறகு எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானதுதான் என்ற சோதனை) காட்டி ஐந்தைந்து வருடமாக நீட்டிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து அந்தப் புதுப்பிப்புக் கட்டணமே காருக்கு 5,000 ரூபாய், முன்பு 600-தான். பசுமை வரி தனி. எஃப்.சி.க்குக் காட்ட வேண்டும் என்றால் டிங்கரிங், பெயின்டிங், டயர் எல்லாம் பார்த்தாக வேண்டும், அந்த வண்டி இருந்த நிலைக்கு மெக்கானிக் அண்ணன் 45,000 கணக்குச் சொன்னார். ஆக 70,000 வண்டி ஒரு லட்சத்து இருபதாயிரம் ஆகிறது, அதுவும் கையில் கிடைப்பது அதே பழைய தகரம். அதனால்தான் ஆர்.சி.யில் குறைந்தது மூன்று வருடமாவது மிச்சம் இருக்கும் வண்டிதான் எடுப்பது என்று முடிவு பண்ணினேன்.

கோபி பக்கம் கிடைத்தது அப்படி ஒன்று. ஒரே ஓனர், ஓய்வுபெற்ற வாத்தியார், ஆர்.சி. 2028 வரை. 1,35,000 கேட்டார். காலையில் வருகிறோம், அதுவரை வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முதல் நாளே போனில் சொல்லிவிட்டேன். போனதும் மெக்கானிக் அண்ணன் முன்சீட்டைத் தூக்கினார், ஆம்னியில் இன்ஜின் அங்கேதானே இருக்கிறது, கை வைத்துப் பார்த்தார், சில்லென்று இருந்தது. ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கத்தை விரலால் வழித்துக் காட்டினார், கறுப்பாக வழவழவென்று, வேறெதுவும் கலக்காத ஆயில். அங்கே மோர் மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, இன்ஜின் தலைப்பகுதியை அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டும் என்றார். ஸ்டார்ட் பண்ணியதும் சைலன்சரில் ஆயில் எரியும் நீலப் புகை வருகிறதா என்று பின்னால் நின்று பார்த்தோம், வரவில்லை. விரிப்பைத் தூக்கச் சொன்னதும் வாத்தியாரே தூக்கினார். ஓட்டுநர் பக்கம் உள்ளங்கை அகலத்துக்குத் துரு இருந்தது. மெக்கானிக் அண்ணன் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து அழுத்தினார், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன், உள்ளே இறங்கவில்லை. மேலாகப் பிடித்த துருதான், சுரண்டி பிரைமர் அடித்தால் போதும்.

குறைகளும் இருந்தன. மீட்டர் 61,000 கி.மீ. காட்டியது, பெடல் ரப்பர் தேய்மானமும் அதற்கு ஒத்துப்போனது, ஆனால் டயர்கள் எல்லாமே பழசு. டயரின் பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். இதில் 3116, அதாவது 2016-ல் 31-வது வாரம் தயாரானது. பட்டன் (தரையில் படும் பள்ளமேடு) நன்றாக இருந்தாலும் ரப்பர் வெடித்திருந்தது. கிளட்சும் தேய்ந்து, பெடல் மேலே வந்துதான் பிடித்தது. இரண்டையும் காட்டிப் பேசியதில் 1,18,000-க்கு முடிந்தது. நான்கு டயர், கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ, கூலன்ட் ஹோஸ், அந்தத் துரு வேலை எல்லாம் சேர்த்து 24,000 ஆனது. பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29, 30 இரண்டிலும் வாத்தியார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு நிற்காமல் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் வந்தார். இன்சூரன்ஸையும் பதினான்கு நாளுக்குள் நம் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள், விபத்து நடந்த பிறகுதான் தெரியவருகிறது. ஆயிரம் சிசிக்குக் கீழ் என்பதால் தர்ட் பார்ட்டி பிரீமியம் குறைவு, 2022-ல் நிர்ணயித்த அடிப்படை 2,094 ரூபாய்.

இனி ஓட்டிய கதை. சந்தைக்கு இதைவிட நல்ல வண்டி எனக்குத் தெரியாது. நடுச்சீட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டால் பதினான்கு பெரிய பண்டல் ஏறுகிறது. ஸ்லைடிங் கதவு இருப்பதால் நெரிசலான சந்தைச் சந்தில் பக்கத்து வண்டியில் இடிக்காமல் சரக்கு இறக்கலாம், மழை வந்தால் கதவுப் பக்கம் உட்கார்ந்தே வியாபாரம் பார்க்கலாம். அம்மா பக்கவாட்டில் உட்கார்ந்து காலைத் தூக்கி உள்ளே வைத்துக்கொள்கிறார், யாரும் கை பிடிக்க வேண்டியதில்லை, அந்த ஒன்றுக்கே எனக்கு வண்டி பிடித்துவிட்டது. மைலேஜ் சரக்கோடு 13, காலியாக 16 வருகிறது.

வெயில் காலத்தில் முன்சீட் சுடும், அடியில் இன்ஜின், ஏசி கிடையாது, மதியம் ஒரு மணி நேரம் ஓட்டினால் தொடை காய்கிறது. நான் தடிமனான தேங்காய் நார் மெத்தை போட்டிருக்கிறேன், ஓரளவு தாங்குகிறது. நான்கு கியர்தான், 70-க்கு மேல் போனால் இன்ஜின் கத்துகிறது, சேலம் நான்கு வழிச் சாலையில் பெரிய பஸ் பக்கத்தில் கடந்தால் வண்டி ஒரு பக்கம் தள்ளுகிறது. காலி வண்டியோடு மழையில் சட்டென்று பிரேக் பிடித்தால் பின்பக்கம் இழுக்கிறது, பின்னால் எடை இல்லாததுதான் காரணம். பண்ணாரி வரை குடும்பத்தோடு சுகமாகப் போனோம். அங்கிருந்து திம்பம் ஏறலாம் என்று ஆசைப்பட்டு ஆறு பேரோடு ஏறினேன், 27 கொண்டை ஊசி வளைவில் பத்தாவதுக்குள்ளேயே சூட்டு முள் மேலே ஏறத் தொடங்கிவிட்டது. ஓரம் கட்டி அரை மணி நேரம் நிறுத்தி, திரும்பிவிட்டோம். மலைக்கு இது வேண்டாம்.

பாதுகாப்பைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முன்னால் பானட் கிடையாது, இடித்தால் முதலில் படுவது நம் கால்தான். ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை. புதிய மோதல் பாதுகாப்பு விதிகளுக்கு இந்த உடம்பைக் கொண்டுவர முடியாமல்தான் 2019-ல் நிறுத்தினார்கள். அதனால் நான் 60-க்கு மேல் ஓட்டுவதில்லை, இரவில் நெடுஞ்சாலையில் எடுப்பதில்லை, பின்னால் இருப்பவர்களையும் பெல்ட் போடச் சொல்கிறேன். நாள்தோறும் நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் குடும்பத்தோடு போக வேண்டியவர் என்றால், இன்னும் ஒரு வருடம் சேர்த்து வைத்து, 2019-க்குப் பிந்தைய, ஏர்பேக் உள்ள ஈக்கோ பாருங்கள்.

ஊருக்குள்ளும் பக்கத்துச் சந்தைகளுக்கும் என்றால் தயங்காமல் ஆம்னி எடுக்கலாம். 2012-க்குப் பிந்தைய மாடல், ஒரே ஓனர், வெள்ளை போர்டு (சொந்த உபயோகப் பதிவு), வாடகைக்கு ஓடாதது. இந்த வாரமும் விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன், பிரைமர் அடித்த இடம் அப்படியே இருக்கிறது, ஸ்லைடிங் கதவின் கீழ்த் தடத்தில் மட்டும் மண் சேர்ந்திருந்தது, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கிரீஸ் வைத்தேன்.