மணிக்கட்டு முறிவு: அம்மாவுக்குப் பிளாஸ்ரர், சின்னம்மாவுக்குப் பிளேட்

அறுபத்தைந்து தாண்டியவருக்கு மணிக்கட்டு முறிந்தால் உடனே காசைத் தூக்கிக்கொண்டு ஒப்பரேஷனுக்கு ஓடத் தேவையில்லை. அவசரத்தில் இருப்பவர்களுக்கு இவ்வளவும் போதும், மற்றவர்கள் மிச்சத்தையும் வாசியுங்கள்.

எங்கள் குடும்பத்தில் ஒரே வருசத்தில் இரண்டு பேர் விழுந்தார்கள். அம்மா கிணற்றடிப் பாசியில் வழுக்கிக் கையை ஊன்றிவிட்டார். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் விறைப்பூசி போட்டு, எலும்பை இழுத்து நேராக்கிப் பிளாஸ்ரர் போட்டார்கள், எங்களுக்குச் செலவு ஓட்டோக்காசு மட்டும்தான். சின்னம்மா போனது ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு, பெயர் வேண்டாம். அங்கே ஒப்பரேஷன் செய்து, எலும்பில் ஒரு பிளேட்டை (உலோகத் தகட்டை) ஸ்குரூவால் பூட்டிவிட்டார்கள். இடம் சுத்தம், தாதிமார் அன்பாகக் கதைத்தார்கள், எல்லாம் சரி, ஆனால் பிளாஸ்ரரோடும் சமாளிக்கலாம் என்று ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. பில்லைப் பார்த்த சித்தப்பா அன்றைக்கு முழுக்க ஒன்றுமே கதைக்கவில்லை.

பிளேட்டில் நன்மை இல்லை என்று சொல்லமாட்டேன். அம்மா ஆறு கிழமை கட்டோடு இருக்க, சின்னம்மா கெதியாகவே தேங்காய் திருவத் தொடங்கிவிட்டார். ஆனால் அந்த முந்தல் முதல் சில மாதங்களுக்குத்தான். 60 வயதுக்கு மேற்பட்டவர்களை வைத்து அவுஸ்திரேலியா, நியூசிலாந்தில் செய்து 2021இல் வெளியான ஆய்வில், ஒரு வருசம் கழித்துப் பார்த்தபோது வலியிலும் கைப்பாவனையிலும் பிளேட் வைத்தவர்களுக்கும் பிளாஸ்ரர் போட்டவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இருக்கவில்லை. அம்மாவின் எக்ஸ்றேயில் எலும்பு இப்போதும் கொஞ்சம் வளைந்துதான் தெரிகிறது, அந்தக் கையால்தான் இடியப்பம் பிழிகிறார். பிளேட்டுக்கென்று தனித் தொல்லைகளும் உண்டு: கிருமி தொற்றலாம், ஸ்குரூ உரசித் தசைநார் அறலாம், சிலருக்குத் திரும்பக் கழற்றவும் வேண்டிவரும்.

பிளாஸ்ரருக்கு 5க்கு 4 கொடுப்பேன். ஒன்றைக் குறைத்தது வெக்கைக்கு உள்ளே கடிக்கிற கடிக்காக. அம்மா விளக்குமாற்று ஈர்க்கை உள்ளே விட்டுச் சொறிவார், நான் பறித்துக்கொண்டே இருப்பேன் (தோல் காயப்பட்டால் உள்ளே புண்ணாகிவிடும், விடாதீர்கள்).

ஆனால் கட்டைப் போட்டதோடு வேலை முடியவில்லை. முதல் இரண்டு கிழமைக்குள் எலும்பு விலகக்கூடும், அதனால் திரும்ப எக்ஸ்றே எடுக்கும் நாளைத் தவறவிடவே கூடாது. பிரித்தானியாவில் 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களைச் சேர்த்துச் செய்து 2022இல் வந்த ஒரு ஆய்வில், பிளாஸ்ரர் போட்டவர்களில் ஏறக்குறைய எட்டுப் பேரில் ஒருவருக்குப் பிறகு ஒப்பரேஷன் தேவைப்பட்டது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தாலோ, மூட்டுக்குள்ளே சிதறியிருந்தாலோ கதை வேறு, அங்கே டாக்டர் பிளேட் என்றால் மறுக்காதீர்கள். எக்ஸ்றே இல்லாமல் எண்ணெய் பூசிக் கட்டிவிடச் சொல்லும் அயலட்டைக்குத் தலையாட்டிவிட்டு வாருங்கள்.

நின்ற நிலையில் விழுந்ததற்கே முறிந்தது என்றால் எலும்பு மெலிந்திருக்கலாம். டெக்ஸா ஸ்கான் (எலும்பின் அடர்த்தியை அளப்பது), விற்றமின் டி பற்றி நீங்களாகவே கேளுங்கள். விரல்களை முதல் நாளிலிருந்தே மடக்கி நீட்டச் செய்யுங்கள், கையைத் தொங்கவிடாமல் தலையணையில் உயர்த்தி வையுங்கள். விரல் நீலம் பாய்ந்தாலோ விறைப்பு கூடினாலோ கிளினிக் நாள்வரை பார்த்துக்கொண்டிராமல் இரவென்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டைத் தளர்த்துவித்துக்கொள்ளுங்கள்.