பிரேக் சூடாகிறதா? அளந்து காட்டாமல் எதையும் மாற்ற விடாதீர்கள்

டர்பன் பக்கம் மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். பைன்டவுனில் ஒரு பணிமனை பிரேக் வேலைக்கு என்னிடம் 31,000 ரேண்ட் வாங்கியது. கோளாறு அப்படியே இருந்தது.

ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் வரும்போது இடது பின்சக்கரத்திலிருந்து கருகல் வாடை வந்தது. 2013 செப்டம்பரில் பிரேக் பிடிக்காத லாரி மோதி 24 பேர் இறந்த இறக்கம் அது. அங்கே அந்த வாடை வந்தால் யாருக்கும் வயிறு கலங்கும். அந்தப் பயத்தோடுதான் நேராகப் பணிமனைக்குப் போனேன்.

ஸ்கேனரைச் சொருகிப் பார்த்துவிட்டு, "பேட்டரி வண்டி கனம் அதிகம், டிஸ்க் தாங்காது. நான்கு டிஸ்க், எல்லா பேட், பிரேக் ஆயில் எல்லாமே மாற்ற வேண்டும்" என்றார்கள். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றும் தட்டு, பேட் அதை அழுத்தி நிறுத்தும் கட்டை. எந்தச் சக்கரம் எத்தனை டிகிரி என்று கேட்டதற்கு, கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது என்று பதில். வேறு இடத்தில் காட்டினால் வாரண்டி போய்விடும் என்று பயமும் காட்டினார்கள். அது பொய். 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்த தென்னாப்பிரிக்கப் போட்டி ஆணைய வழிகாட்டுதலின்படி, வெளியே சர்வீஸ் செய்ததற்காக மட்டும் வாரண்டியை ரத்து செய்ய முடியாது.

பணம் கட்டி வண்டியை எடுத்த பிறகு உம்கேனி ரோடு கோவிலுக்குப் போனோம். சமதளச் சாலைதான். வண்டியை நிறுத்தி இறங்கியதும் அதே வாடை, அதே சக்கரம்.

சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் மாமா பல வருஷம் பஸ் மெக்கானிக்காக இருந்தவர். "தம்பி, எல்லாச் சக்கரமும் சூடானா வேற கதை. ஒண்ணு மட்டும் சூடானா அங்க ஏதோ ஒட்டிக்கிட்டு நிக்குது" என்றார். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, தொடாமல் அளக்கும் வெப்பமானியை ஒவ்வொரு டிஸ்க்கிலும் காட்டினார். மூன்று 60 டிகிரிக்குள் இருந்தன, இடது பின்பக்கம் 200-ஐத் தாண்டியது. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினால் கையால் சுற்ற முடியவில்லை. முதலில் ஹேண்ட் பிரேக் மோட்டார் முழுதாக விட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு காலிப்பரில், அதாவது பேடுகளால் டிஸ்க்கை இருபக்கமும் கவ்விப் பிடிக்கும் பகுதியில், காற்று எடுக்கும் நிப்பிளைத் திறந்தார். அப்போது சக்கரம் சுற்றியிருந்தால் உள்ளே அழுத்தம் தங்குகிறது என்று அர்த்தம். ஆயில் வரும் ஹோஸையோ, மிதியை அழுத்தும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையோ சந்தேகிக்கலாம். சுற்றவில்லை. அப்படியென்றால் காலிப்பரிலேயே ஏதோ இறுகிப்போயிருக்கிறது. கழற்றிப் பார்த்தால் காலிப்பர் நகர உதவும் சிறு கம்பி (ஸ்லைட் பின்) துருப்பிடித்து இறுகியிருந்தது. புதிதாகப் போட்ட பேடில் உள்பக்கத்தது மட்டும் அதற்குள் தேய்ந்திருந்தது.

மின்சாரக் காரில் பெரும்பாலும் மோட்டாரே வேகத்தைக் குறைத்து மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பிவிடுகிறது. பிரேக்குக்கு வேலை குறைவு, அந்த ஸ்லைட் பின் அசையாமலே கிடக்கும். நம் ஊர்க் கடல் காற்றில் துருப்பிடிக்க அது போதும். ஒரு ஸ்லைட் பின், ரப்பர் உறை, பிரேக்குக்கான கிரீஸ்: அவ்வளவுதான் தேவைப்பட்டது. இதை வீட்டில் முயல வேண்டாம். பின்பக்க ஹேண்ட் பிரேக் மோட்டாரை ஸ்கேனர் மூலம் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவராமல், பேடைத் தள்ளும் பிஸ்டனை உள்ளே அழுத்தினால் அது உடைந்துபோகும்.

ஆயிலிலும் ஏமாற்றியிருந்தார்கள். புது டாட் 4 (பிரேக் ஆயிலின் ஒரு தரம்) என்று பில்லில் இருந்தது, ஆனால் தொட்டியில் கறுப்பாக இருந்தது. ஈரம் பார்க்கும் பேனாவை வைத்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியதற்கான அளவு 155 தான். 200-ஐத் தாண்டிய சக்கரத்தோடும் அந்த ஆயிலோடும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன் என்பதை நினைத்தால் இன்னும் கோபம் அடங்கவில்லை.

ஹில்கிரெஸ்ட், க்ளூஃப் பக்கம் மேட்டில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. இரவு 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டுக் காலையில் இறங்கினால், திருப்பிவிடும் மின்சாரத்தை வாங்கப் பேட்டரியில் இடம் இருக்காது. முழுச் சுமையும் பிரேக்குக்கு வரும், முன்சக்கரம் இரண்டும் ஒரே அளவு சூடாகும். அதைக் கோளாறு என்று யாராவது சொன்னால் பணத்தை எடுக்காதீர்கள். 80 சதவீதத்தில் நிறுத்திவிட்டு இறங்கிப் பாருங்கள்.

பழைய டிஸ்க்குகளைக் கேட்டபோது குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 67-ஆம் பிரிவின்படி, வேண்டாம் என்று நாம் சொன்னாலொழிய, கழற்றிய பாகங்களை எடுத்து வைத்துத் திருப்பித் தர வேண்டும். வேலைக்கு முன்பே செலவு மதிப்பீடு கேட்க 15-ஆம் பிரிவு இருக்கிறது. பழுது பார்க்கும்போது போட்ட பாகத்துக்கு 57-ஆம் பிரிவு குறைந்தது மூன்று மாத உத்தரவாதம் தருகிறது. மாமா எடுத்த அளவுகள், படங்கள், பில் எல்லாவற்றையும் சேர்த்து மோட்டார் துறை குறைதீர்ப்பாளரிடம் புகார் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன். இதே மாதிரி பில் கட்டியவர்கள் இருந்தால், அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.