கூலிங் பேட்: இரண்டு நட்சத்திரம்தான்

எட்டு வயதான என் லேப்டாப் அரை மணி நேரத்தில் அடுப்பாகிவிடும், உள்விசிறி அலறும், பிறகு திரை இருண்டுவிடும். அதற்காகத்தான் லேப்டாப்பின் அடியில் வைக்கும், இரண்டு விசிறிகள் வைத்த இந்தக் கூலிங் பேடை வாங்கினேன். நீல விளக்கு அழகாக எரிகிறது. வெப்பம் 96 டிகிரியிலிருந்து 92-க்கு இறங்கியது. அவ்வளவுதான்.

பழியைப் பேடின் மேல் மட்டும் போட முடியாது. லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினால், விசிறிக்கும் வெப்பத் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளித் துண்டுபோல் படிந்திருந்தது. இடுக்கியால் இழுத்தேன், ஒரே பாளமாக வந்தது. காற்று வெளியேறவே வழியில்லாதபோது கீழிருந்து எவ்வளவு ஊதி என்ன பயன்? பிராசஸர் மேலிருந்த, அதன் சூட்டைக் கடத்திவிடும் பசையான தெர்மல் பேஸ்ட்டோ காய்ந்து, பழைய சுண்ணாம்புபோல் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, புதிய பேஸ்ட்டைச் சிறு பொட்டாக வைத்தேன். இப்போது 74 டிகிரியைத் தாண்டுவதில்லை.

ஆனாலும் கறுப்புத் திரை இன்னொரு நாள் பயமுறுத்தியது. திரையின் பின்விளக்கு மட்டும் போயிருந்தால் படம் மங்கலாகத் தெரியுமே என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். மங்கலாகக்கூட எதுவும் தெரியவில்லை. வெளி மானிட்டரிலும் படம் இல்லை. ஆக, திரையின் குற்றமல்ல. ராம் (தற்காலிக நினைவகம்) அட்டையைக் கழற்றி, முனைகளைத் துடைத்து மீண்டும் அழுத்தினேன். ‘டக்’ என்று உட்கார்ந்தது. திரைக்கு உயிர் வந்தது. (பேட்டரி இணைப்பை முதலில் எடுத்துவிடுங்கள், நான் ஒருமுறை மறந்து வியர்த்துப்போனேன்.)

பேடைத் தூக்கி எறியவில்லை. சாய்வாக வைத்துத் தட்டச்சு செய்ய வசதியாக இருக்கிறது. அதன் விசிறியை மட்டும் போடுவதில்லை.