சோழவந்தான் வயல்வெளியில் ஒரு மண்சுவர் விடுதி

மதுரையைச் சுற்றிக் கிராமத்து விடுதி என்ற பெயரில் இப்போது கட்டப்படும் பலவற்றில், கான்கிரீட் சுவருக்குச் செம்மண் நிறச் சாயம் அடித்து, வாசலில் ஒரு வண்டிச் சக்கரத்தைச் சாய்த்து வைப்பதோடு கிராமம் முடிந்துவிடுகிறது. சோழவந்தானுக்கும் அலங்காநல்லூருக்கும் இடையே வயல்களின் நடுவில் இருக்கும் இந்தச் சிறு விடுதி அந்த வகையைச் சேர்ந்ததல்ல. குறைகளையும் சேர்த்து எழுதப்போவதால் அதன் பெயரைக் குறிப்பிடவில்லை.

முதலில் பாராட்ட வேண்டியது சுவரை அல்ல, கட்டடத்துக்குத் தேர்ந்த இடத்தை. வைகை ஆற்றுப் பேரணையில் தொடங்கும் பெரியாறு பிரதானக் கால்வாயில் கள்ளந்திரி வரையுள்ள பகுதி இருபோகப் பாசனம். இங்கே பல இடங்களில் ஒரு வயலில் நிறைந்த தண்ணீர்தான் வரப்பில் வெட்டிய வாமடை வழியாக அடுத்த வயலுக்கு இறங்குகிறது. நடுவில் ஒருவர் தம் நிலத்தைக் கிராவல் கொட்டி மேடாக்கிவிட்டால், கீழே இருப்பவருக்குத் தண்ணீர் சேராது. மழைக்காலத்தில் மேலே இருப்பவருக்கு வடியாது. இந்த விடுதியைக் கட்டியவர்கள் நன்செயில் ஒரு சிறு துண்டைக்கூடத் தூர்த்து மேடாக்கவில்லை. அறுவடை இயந்திரம் வந்த பிறகு வெறுமனே கிடந்த களத்துமேட்டிலும், பழைய பம்புசெட் கொட்டகை இருந்த இடத்திலுமாக அறைகளைப் பிரித்து அமைத்திருக்கிறார்கள். அதனால் ஓர் அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு வரப்பை ஒட்டித்தான் நடந்து போகவேண்டும். மழை நாளில் இது தொல்லைதான்; ஆனால் சரியான தொல்லை.

சுவர்கள் அந்த இடத்து மண்ணோடு சிறிதளவு சிமெண்ட் கலந்து இயந்திரத்தில் அழுத்திச் செய்த, சூளையில் வேகாத கற்களால் ஆனவை. உட்புறப் பூச்சு சுண்ணாம்பு. கொத்தனாருக்குக் கையாளாக இருந்து இப்போது விடுதியையே கவனித்துக்கொள்ளும் பெரியவரிடம் கேட்டபோது, "கடுக்காயும் கருப்பட்டியும் ஊற வச்ச தண்ணியிலதான் சார் கலவை போட்டோம், வாசம் போகவே ஒரு மாசம் ஆச்சு" என்றார். கையால் தடவிப் பார்த்தால் வழவழப்பாகவும், நண்பகலிலும் குளிர்ச்சியாகவும் இருக்கிறது. வெளிப்புறத்தில் முழங்கால் உயரத்துக்குக் கருங்கல் கட்டு. அதற்கு மேல்தான் மண் தொடங்குகிறது. கூரையின் இறவாரம் மூன்றடிக்குக் குறையாமல் வெளியே நீண்டிருக்கிறது. மதுரைப் பக்கம் மழை குறைவுதான் என்றாலும், ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும் என்பதை அறிந்தவர் செய்த வேலை இது. ஒரே ஒரு மூலையில் மட்டும், கூரையிலிருந்து விழும் நீர் சிமெண்ட் தரையில் பட்டுத் தெறித்து, கல் கட்டையும் தாண்டிச் சுவரை ஓர் உள்ளங்கை அகலத்துக்கு அரித்திருக்கிறது. மற்ற பக்கங்களில் நீர் விழும் இடத்தில் கூழாங்கல் பரப்பியவர்கள் இங்கே ஏன் விட்டார்கள் என்று தெரியவில்லை.

வெப்பத்தைப் பொறுத்தவரை நம் ஊரில் சுவரைவிடக் கூரைதான் முக்கியம். மதுரை ஏறக்குறைய 10 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், சித்திரையிலும் மறுபடி ஆவணியிலும் நண்பகல் சூரியன் தலைக்கு நேர்மேலே நிற்கிறது. சுவர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும், மேலே வெறும் கான்கிரீட் தளம் இருந்தால் இரவு பத்து மணிக்கும் அறை அடுப்பாகவே இருக்கும். இங்கே பனஞ்சட்டங்களின் மேல் இரண்டு அடுக்காக ஓடு வேய்ந்து, அடுக்குகளுக்கு இடையே காற்று புக இடைவெளி விட்டு, உச்சியில் சூடான காற்று வெளியேறத் திறப்பு வைத்திருக்கிறார்கள். ஆடிக்காற்று மேற்கிலிருந்து வருவதால் அந்தப் பக்கம் திறப்பு வேண்டும்; ஆனால் மாலை வெயிலும் அதே பக்கம்தான் விழும். இதற்குச் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய துளைச்சுவர் ஒன்றை எழுப்பி, அதற்கு முன்னால் புங்க மரங்களை நட்டிருக்கிறார்கள். மரங்கள் இன்னும் தோள் உயரம்தான். எனவே இப்போதைக்குக் காற்றோடு வெயிலும் சேர்ந்தே உள்ளே வருகிறது.

இத்தனையும் செய்துவிட்டு, இரண்டு அறைகளுக்கு மட்டும் ஏசி பொருத்தி, உச்சித் திறப்பை அடைத்து, ஓட்டுக்கு அடியில் பிளைவுட் விதானமும் போட்டிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. வாடிக்கையாளர் கேட்கிறார்கள் என்கிறார்கள், கேட்பார்கள்தான். ஆனால் கூரையின் நுட்பம் முழுவதும் அந்த இரு அறைகளில் வீணாகிறது. வரவேற்புத் திண்ணையில் இடித்த செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வாங்கி நிறுத்திய பர்மா தேக்குத் தூண்களும் உறுத்துகின்றன. அழகானவைதான், ஆனால் சோழவந்தான் பக்கத்துக் களத்துவீடு எதிலும் அப்படியொரு தூண் நின்றதில்லை. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கற்களைப் பற்றி எனக்குப் புகார் இல்லை, வெறுங்காலுக்கு அவை சுகம்.

குளியலறை, சமையலறைக் கழிவுநீர் சரளைக்கல் நிரப்பிய தொட்டியில் கல்வாழை வேர்களின் ஊடாக வடிந்து, பின்புறத்து வாழைக்குப் போகிறது. தொட்டி அருகே நின்று பார்த்தேன், நாற்றம் இல்லை. வாழை செழிப்பாக இருக்கிறது.

இரவில்தான் பெரிய குறை தெரிகிறது. பாதை நெடுகிலும் கண்ணைக் கூசும் வெள்ளை எல்.ஈ.டி. விளக்குகள் விடியும் வரை எரிகின்றன. நெற்பயிரைத் தாக்கும் தண்டுத்துளைப்பான் அந்துப்பூச்சியும் புகையான் பூச்சியும் விளக்கைத் தேடி வரும் என்பது நெல் விளைவிக்கும் எவருக்கும் தெரியும். விளக்குப்பொறி வைத்து அவற்றைப் பிடிப்பதும் அதனால்தான். பயிர் நிற்கும்போது வரப்போரம் இரவு முழுவதும் விளக்கெரிப்பது, பக்கத்து வயல்காரரின் பயிருக்கு விருந்தாளிகளை அழைப்பது போன்றதுதான். நடக்கும்போது மட்டும் எரியும் தாழ்வான மஞ்சள் விளக்குகள் போதும். இதை நிர்வாகத்திடம் சொன்னேன். பாதுகாப்புக்காக என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார்கள்.

சாப்பாட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. காலைப் பொங்கல் நன்று, மதியக் குழம்பில் உப்பு தூக்கல். கட்டணம் மதுரை நகரின் நடுத்தர ஓட்டலைவிடச் சற்று அதிகம். முதியவர்களை அழைத்துச் செல்பவர்கள் சாப்பாட்டுக் கூடத்தை ஒட்டிய அறையை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. வரப்பு ஈரமாக இருந்தால் வழுக்கும். ஆடி மாதத்தில் போகிறவர்கள் துளைச்சுவர் உள்ள மேற்கு அறையைக் கேட்டு வாங்கலாம். சித்திரையில் போவதானால், புங்கை வளரும் வரை அதைத் தவிர்த்து, பம்புசெட் பக்கத்து வடக்கு அறையை எடுத்துக்கொள்ளுங்கள்.