ஆற்றங்கரை ரோட்டுக்கு எந்த ஹெட்லைட் பல்பு?

டெல்டாவில் ராத்திரி கார் ஓட்டுகிறவருக்கு அரை கிலோமீட்டர் தூரம் தெரிய வேண்டியதில்லை. இடது பக்கம் தார் எங்கே முடிகிறது, வாய்க்கால் எங்கே தொடங்குகிறது என்று தெரிய வேண்டும். வலங்கைமான், நீடாமங்கலம் பக்கத்து உள்ரோடுகளில் பல இடங்களில் கரைமேல்தான் பயணம். தடுப்புச் சுவர் இருக்காது. அறுவடை நாட்களில் பாதி ரோட்டில் நெல் காயும், ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள். பின்விளக்கே இல்லாமல் டிராக்டர் போகும். எதிரே வருகிறவருக்குக் கண் கூசினால் அவர் ஒதுங்கவும் இடம் கிடையாது. இதை மனதில் வைத்துத்தான் கடையில் கிடைக்கும் பல்புகளை ஒப்பிடுகிறேன்.

நம் ஊரில் ஓடும் சின்ன கார்கள் நிறையவற்றில் இருப்பது ஹெச்4 ஹாலோஜன். ஒரே பல்புக்குள் இரண்டு இழை: டிம்முக்கு 55 வாட், பிரைட்டுக்கு 60 வாட். டிம் இழைக்கு அடியில் ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கும். வெளிச்சம் மேலே ஏறி எதிராளி கண்ணில் அடிக்காமல் தடுப்பது அதுதான். பின்னால் இருக்கும் ரிஃப்ளெக்டரும் அந்த இழை இருக்கும் இடத்தைக் கணக்குப் போட்டே வளைக்கப்பட்டது. இழை கொஞ்சம் இடம் மாறினாலும் கணக்கு தப்பிவிடும்.

அங்கேதான் எல்.ஈ.டி. பல்பு மாட்டிக்கொள்கிறது. இழை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தகடு, அதன் இரு பக்கமும் சில்லுகள். நல்ல தயாரிப்பு இழையின் இடத்தை ஓரளவு ஒட்டி வரும். மலிவான செட்டில் வெள்ளை வெளிச்சம் காருக்கு முன்னால் பத்தடிக்குக் கொட்டும், பார்க்கப் பிரமாதம். கிட்டத்துத் தரை அவ்வளவு பளிச்சென்று இருந்தால் நம் கண்பாவை சுருங்கி, தூரத்தில் நிற்கும் மாடு தெரியாமல் போகும். ஐப்பசி மழையில் நனைந்த தாரில் அந்த வெள்ளை என் கண்ணுக்குச் சுத்தமாக எடுபடவில்லை. தொழிற்சாலையிலேயே எல்.ஈ.டி.க்கென்று வடிவமைத்த விளக்கு வேறு விஷயம், அது அருமையாக இருக்கும். ஹாலோஜன் விளக்குக்குள் எல்.ஈ.டி.யைச் செருகுவதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன்.

ஹெச்.ஐ.டி. கிட், அதாவது இழையே இல்லாமல் வாயுவில் மின்பொறி பாய்ந்து எரியும் பல்பு, இதைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. 35 வாட்டில் ஹாலோஜனைவிட இரண்டு மடங்கு வெளிச்சம் தரும். ஹாலோஜன் ரிஃப்ளெக்டரில் அத்தனையும் சிதறி எதிரே பைக்கில் வருகிறவர் முகத்தில் போய் விழும். வேண்டவே வேண்டாம். நீலப் பூச்சுப் பல்பும் அப்படித்தான். பூச்சு வெளிச்சத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும், வெள்ளையாகத் தெரிவது மட்டும்தான் மிச்சம்.

அப்புறம் 100/90 வாட் பல்பு. மெக்கானிக் முதலில் எடுத்துக் கொடுப்பது இதைத்தான். 60 வாட்டில் இரண்டு பல்பும் சேர்ந்து சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். 100 வாட்டில் 17 ஆம்பியர் பக்கம் போகும். கம்பெனி வயரும் சுவிட்சும் அதற்காகப் போட்டவை இல்லை. ரிலேயும் (சுவிட்ச் வழியே இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராகப் பல்புக்கு மின்சாரம் விடும் சாதனம்) பீங்கான் ஹோல்டரும் இல்லாமல் இதை மாட்டினால் ஹோல்டர் உருகும். என் பழைய காரில் உருகியது. அவசரத்தில் ரிலேயை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மார்கழிப் பனியில் ஒரு பக்க விளக்கோடு வீடு வந்து சேர்ந்தேன். ரிலே போட்டாலும் சூடு ரிஃப்ளெக்டரின் பளபளப்பை மெல்ல மங்கச் செய்யும். 60/55 வாட்டை மீறுவதைச் சட்டமும் ஒப்புக்கொள்வதில்லை.

பிலிப்ஸ், ஓஸ்ராம் போன்றவை விற்கும் '130 சதவீதம், 150 சதவீதம் கூடுதல்' பல்புகள் வாட் மாறாதவை, 60/55தான். இழையை மெல்லியதாக்கி, வாயு அழுத்தத்தைக் கூட்டியிருப்பார்கள். அந்த சதவீதம் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டது, அதனால் இரண்டு மடங்குக்கு மேல் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனாலும் வித்தியாசம் நிஜமானது, வெளிச்சம் விழும் இடமும் மாறாது. ஆயுள் குறைவு, அதுதான் விலை. குண்டும் குழியுமான ரோட்டில் தினமும் ஓட்டுகிறவருக்கு இது கட்டுப்படியாகாது.

என் தேர்வு இதையெல்லாம்விட எளிமையானது: சாதாரண 60/55 பல்பு, கூடவே ரிலே கிட். பழைய வண்டியில் பேட்டரி முனையில் இருக்கும் வோல்ட் ஹோல்டருக்கு வரும்போது குறைந்துவிடுகிறது. ஒரே ஒரு வோல்ட் குறைந்தாலே ஹாலோஜன் வெளிச்சத்தில் கிட்டத்தட்ட கால்வாசி போய்விடும். விளக்கைப் போட்டு, என்ஜின் ஓடும்போது மல்டிமீட்டரால் இரண்டு இடத்திலும் அளந்து பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் பல்பு வாங்குமுன் ரிலே போடுங்கள். பேட்டரியிலிருந்து தடித்த வயர், நடுவில் ஃபியூஸ், அவ்வளவுதான். அத்தோடு ஹெட்லைட்டின் மஞ்சளித்த பிளாஸ்டிக் மூடியை 2000 நம்பர் உப்புத்தாளை நனைத்துத் தேய்த்து, பாலிஷ் போடுங்கள். தினமும் தூரம் ஓட்டாதவர், கொஞ்சம் செலவு செய்ய முடிந்தவர், இதே ரிலேயில் கூடுதல் வெளிச்சப் பல்பை மாட்டலாம்.

எதை மாட்டினாலும் விளக்கின் உயரத்தைச் சரிபார்க்க வேண்டும். சமதரையில் சுவருக்கு 10 மீட்டர் தள்ளி நிறுத்தி டிம் போடுங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்தைவிட சுமார் 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். ஊரிலிருந்து டிக்கியில் அரிசி மூட்டை ஏற்றி வரும் நாளில் பின்பக்கம் தாழ்ந்து முன்விளக்கு மேலே தூக்கும். ஸ்டியரிங் பக்கத்தில் விளக்கை இறக்கும் திருகு இருந்தால் அன்றைக்கு அதைத் திருப்பிவிட்டுக் கிளம்புங்கள்.